மோர்ப்பந்தலில் ஆள் தேர்வு

காலை ஆறரைக்குக் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறினேன். பௌர்ணமி என்பதால் திருவண்ணாமலைக்குப் போகும் எல்லா வண்டியிலும் கூட்டம். கடைசிக்கு முந்தின வரிசையில்தான் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பையை மடியில் வைத்ததும் வைக்காததுமாக, "எந்த ஊரும்மா?" என்றார். பெரம்பூர் என்றேன். அச்சிறுப்பாக்கம் தாண்டுவதற்குள் என் கணவருக்கு எங்கே வேலை, பிள்ளைகள் எத்தனை, காப்பித்தூள் எந்தக் கடையில் வாங்குகிறேன் என்பது வரை அவருக்குத் தெரிந்துவிட்டது. செஞ்சியில் அவர் இறங்கிப் போன பிறகுதான், அவருடைய பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை என்பது உறைத்தது.

இத்தனைக்கும் கேள்வி கேட்கக் கற்றுத் தருவதுதான் என் பிழைப்பு. வணிகக் கண்காட்சிகளில் ஸ்டால் போடும் சிறு நிறுவனங்களுக்கு, அங்கே நிற்கப்போகிற ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கிக் கொடுக்கிறேன். இந்த முறை அழைத்தவர் பத்மாவதி. கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய்ச் செக்கும் கடலை மிட்டாய்ப் பட்டறையும் நடத்துகிறார். தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கம் பயிர் செய்யும் சமணக் குடும்பம். போன வருஷம் சென்னைக் கண்காட்சியில் ஸ்டால் போட்டு, கொண்டுபோன மிட்டாயை எல்லாம் வந்தவர் போனவருக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, ஒரு கடைக்காரரின் பேர்கூடக் கையில் இல்லாமல் திரும்பியிருக்கிறார்.

"இந்த வாட்டியும் வெறுங்கையோட வந்தா செக்க மூடிடுன்றாரு மாமனாரு. மூணு பேர நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க," என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் பேருந்து போனது. ஆனால் அன்று செக்குக்கு விடுமுறை. பௌர்ணமிதோறும் அவருடைய ஆட்கள் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் மோர்ப்பந்தல் போடுவார்களாம். ஆளைப் பார்ப்பதானால் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. செங்கம் சாலையில் அறை எடுத்தேன். மற்ற நாளில் எண்ணூறு ரூபாய், பௌர்ணமிக்கு இரண்டாயிரம். கீழே இருந்த காபிக் கடையில் வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரமாகத் தோசைக்குக் காத்திருந்தார். பரிமாறுகிறவரும் அவரை எழுப்பத் தயங்கி, தட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஸ்டாலுக்கு இந்த மனிதர் உதவமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தொழில் புத்தி எங்கே போனாலும் கூடவே வருகிறது.

மூன்றரை மணிக்கு ஆட்டோ பிடித்தேன்.

"இன்னிக்கு வண்டி உள்ள விடமாட்டாங்க மேடம். அத்தியந்தல் கிட்ட எறக்கி விட்டுடறேன், நடந்துடுங்க. நூத்தம்பது குடுங்க," என்றார் ஓட்டுநர்.

"ஜாஸ்தியா இருக்கே?"

"மத்த நாள்ல கம்மிதான். மத்த நாள்ல நீங்க வரலியே."

அவரையும் ஸ்டாலுக்குக் கேட்டிருக்கலாம்.

பாதை முழுக்க மனிதத் தலைகள். செருப்பில்லாமல், ஒரே திசையில், ஒரே வேகத்தில் நடக்கிறார்கள். நடையை நிறுத்த யாருக்கும் மனமில்லை. கண்காட்சிக் கூட்டமும் அச்சாக இப்படித்தான் நகரும். பந்தலில் பத்மாவதியின் ஆட்கள் ஐந்து பேர் இருந்தார்கள். நான் யாரென்று அவர்களிடம் சொல்லாமல் எதிர்ப்பக்கத்துப் புளியமர நிழலில் நின்றுகொண்டேன்.

வேன் ஓட்டும் முருகன், நடத்துநர் மாதிரி குரல் கொடுத்தான். "மோரு, மோரு, கால் சுடுதுன்னா நெழல்ல நில்லுங்க." அந்தக் குரலுக்கு ஒரு கூட்டம் ஒதுங்கியது. பில் போடும் ரேகா, குழந்தையோடு வருகிறவர்களைத் தேடித் தேடிப் பிடித்தாள். மிட்டாய் பொட்டலம் கட்டும் கவிதா வாயே திறக்கவில்லை. டம்ளரை நீட்டியபடி, நடப்பவரோடு தானும் இரண்டு எட்டு நடந்தாள். அவர் வாங்கிக் குடிக்கும்போது தானாக நின்றுவிடுவார். மேஜைக்குப் பின்னால் நிற்காதே, எழுந்து வெளியே வா என்று எத்தனை ஊரில் எத்தனை பட்டதாரிகளிடம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். எனக்கு ஒரே குஷி. அங்கேயே அந்த மூன்று பேரையும் முடிவு செய்து பத்மாவதிக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர். இருபது கிலோமீட்டருக்குள்தான். செக்கு ஓடும் கொட்டகைக்குள் ஒரு மேஜை போட்டு, தட்டில் மிட்டாய் வைத்து, ஒத்திகைக்காகக் கடைவீதியிலிருந்து பத்துப் பதினைந்து பேரைப் பத்மாவதி வரவழைத்திருந்தார். மூவரும் சிரித்த முகமாக மிட்டாய் கொடுத்தார்கள். வந்தவர்கள் தின்றார்கள், போனார்கள். யாருடைய கடைப் பேரையும் நம்பரையும் யாரும் கேட்கவில்லை.

"ஏன் கேக்கல?" என்றேன்.

"குடுத்த ஒடனே நம்பர் குடுங்கன்னா, அதுக்குத்தான் குடுத்தோம்னு ஆயிடாதுங்களா?" என்றாள் கவிதா.

"அதுக்குத்தானேம்மா குடுக்கறோம்?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. மற்ற இருவரும் அவள் பக்கம்தான் என்பதும் தெரிந்தது. நேற்று நான் மெச்சிய மோர்ப்பந்தலே இன்று எனக்குக் குறுக்கே நின்றது. மாதாமாதம் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை, திருப்பி எதையும் கேட்கக் கூசுகிறது.

சரி, ஆசை காட்டிப் பார்ப்போம் என்று, அதிக நம்பர் வாங்குகிறவருக்கு ஒரு மிக்சி என்று அறிவித்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் முருகன் நாற்பது நம்பரோடு வந்து நின்றான். அத்தனையும் அவனுடைய பெரியப்பா, சித்தப்பா, மச்சான் வகையறா.

"எல்லாரும் எண்ணெ ஊத்தித்தான் சமைக்கறாங்க மேடம்," என்றான்.

பத்மாவதி சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. கொட்டகைக்கு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். அப்போதுதான் பேருந்து அம்மாள் நினைவுக்கு வந்தார். என்னிடமிருந்து அத்தனையையும் கறந்தாரே, ஒரு கேள்வியாவது எனக்கு உறுத்தியதா? உள்ளே வந்து பாடத்தைத் தலைகீழாக மாற்றினேன். முதலில் எந்த ஊர் என்று கேளுங்கள். அப்புறம் அந்த ஊரில் எண்ணெய் எங்கே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். கடை யாருடையது, நம்பர் என்ன என்பதெல்லாம் பேச்சுவாக்கில் வரட்டும். மிட்டாய் கடைசியில்.

முருகனும் ரேகாவும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். கவிதா மட்டும் எதிரில் வந்த மளிகைக் கடைக்காரரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு மிட்டாயை நீட்டினாள். மூன்று தடவை சொல்லியும் அதே கதைதான்.

"மோருக்குச் சரி, கண்காட்சிக்கு இவ ஆகமாட்டா. வேற ஆளப் பாருங்க," என்று பத்மாவதியிடம் சொன்னேன். கவிதாவின் காதில் விழுந்துவிட்டது.

"எங்க கொல்லைல வெளையற கடலயும் இந்த செக்குக்குத்தான் வருதுங்க. அத வெளியூருல யாரு திங்கறாங்கன்னு ஒரு வாட்டி பாக்கணும்னு இருந்தேன்," என்று பத்மாவதியிடம் சொல்லிவிட்டுப் பொட்டலம் கட்டப் போய்விட்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் ஸ்டாலில் சங்கடத்துக்கு இடம் கொடுத்தால் செக்குக்கு யார் பதில் சொல்வது?

மாலை நாலரைக்கு என்னைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவர அவளைத்தான் அனுப்பினார்கள். கையில் ஒரு பை. கடைவீதியைத் தாண்டியதும், "மேடம், பெரம்பூர்ல நீங்க எண்ணெ எங்க வாங்கறீங்க?" என்றாள்.

"தெருமுனை அண்ணாச்சி கடையிலதான். கல்யாணமாகி வந்ததுலேருந்து அங்கதான்."

"செக்கெண்ணெ வெச்சிருக்காரா?"

"வெச்சிருக்கார். பத்து நாள்ல சிக்கு வாடை வந்துடும்."

"நீங்க சொல்லலீங்களா அவுருகிட்ட?"

"சொல்லாம இருப்பேனா? நல்ல சரக்கு எங்கம்மா கிடைக்குதுன்னு என்னையே கேக்கறார்."

"நான் வேணா பேசட்டுங்களா?"

வளைவில் பேருந்து தெரிந்தது. அவசர அவசரமாக அண்ணாச்சியின் நம்பரைச் சொன்னேன். அவள் போனில் அதைப் போட்டுக்கொண்ட பிறகு, பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு லிட்டர் எண்ணெய்.

"ஒத்திகைல ஏம்மா இப்படிப் பேசல?" என்றேன், படியில் கால் வைத்தபடி.

"அந்தக் கடைக்காரர எனக்கு சின்ன வயசுலேர்ந்து தெரியும் மேடம். அவுரப் போய் எந்த ஊருன்னு எப்படி கேக்கறது?"

செஞ்சிக் கோட்டைப் பாறைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணாச்சி.

"ஏம்மா, திருவண்ணாமலைப் பக்கத்துலேருந்து ஒரு புள்ள பேசுச்சு. நீங்க எண்ணெ கொண்டு வாரீயளாமே? நல்லாருந்தா இருவது லிட்டர் அனுப்பச் சொல்லிருக்கேன்."

பையைப் பார்த்தேன். முதலில் ஊர், அப்புறம் கடை, அப்புறம் நம்பர், கடைசியில் பொருள். நான் சொல்லிக் கொடுத்த பாடம்தான், வரிசைகூட மாறவில்லை. எனக்கே நடத்திக் காட்டியிருக்கிறாள். நான் ஒரு இடத்தில்கூட உஷாராகவில்லை.

பத்மாவதியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, மூன்றாவது ஆள் கவிதாதான் என்றேன்.

"மாவட்டத்துக்கு வெளிய எங்கள நம்பி சரக்கு கேட்ட மொத கடைங்க இது," என்றார். போனைக் கவிதாவிடம் கொடுத்தார்.

சென்னைக்குத் தேர்ந்தெடுத்ததற்காக அவள் நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மேடம், வெளியூருல எங்க கடலயத் திங்கறவங்கள்ல நான் பாத்த மொத ஆளு நீங்கதான். நாளைக்கு தோசைக்கு ஊத்திப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்றீங்களா?" என்றாள்.