குளிருக்கு வேலை செய்யாத பேட்டரி

இன்று காலை பலாங்கொடை பஸ்ஸுக்காக நின்றபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் போடும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் ஒரு கேம்பர் வேன் நின்றது. கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒருவர் இரவு அதிலேயே தூங்கியிருக்கிறார்.

"பேட்டரி சார்ஜ் ஏறுதில்லண்ணே," என்றார்.

கூரையில் சோலார் பலகை இருக்கிறது, வெயிலும் விழுகிறது. ஆனால் ராத்திரி உறைபனி கொட்டியிருந்தது; லித்தியம் பேட்டரி அப்படிக் குளிர்ந்து கிடக்கும்போது சார்ஜ் ஏற்றினால் கெட்டுப்போகுமாம். அதனால் உள்ளே இருக்கும் சென்சர் தானாகவே நிறுத்திவிடுமாம்.

கொழுந்து பறிக்கப் புறப்பட்ட செல்வி அக்கா நின்று கேட்டார். "அப்ப குளிருன்னா இது வேலை செய்யாதுங்களா?"

"சூடாகுற வரைக்கும் செய்யாதுக்கா."

"யாரும் ஏச மாட்டாங்களா?"

தம்பி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சுடுதண்ணீர்ப் போத்தலைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிக்கட்ட ஒரு துணி வேண்டும் என்றார் தம்பி. அக்கா தலையில் போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றிக் கொடுத்தார். "அந்திக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அக்கா களத்துக்குப் போவதற்குள் பிரட்டு முடிந்துவிட்டது.

"என்ன செல்வி, இப்பதான் விடிஞ்சுச்சா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"குளிருங்கய்யா. சூடானதும் வந்துட்டேன்."

"அரைப்பேரு." பாதிநாள் சம்பளம், அவ்வளவுதான்.

வழக்கம்போலப் பிந்தி வந்த பஸ்ஸில் நான் ஏறும்போது, கம்பளிக்குள் பேட்டரியின் சார்ஜ் ஏறும் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் அரைப்பேர் போடவில்லை.

அந்தச் சென்சர் தனியாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று பூட்ட வேண்டும்.