மாமாவுக்குக் கிடைத்த கைதட்டு

தூரத்தில் நின்று போட்டாலும், எகிறிப் போய்த் திணித்தாலும், பந்து விழுவது அதே வளையத்துக்குள்தான். அப்புறம் ஏன் ஒன்றுக்கு ஊர் கொட்டாவி விட்டது, இன்னொன்றுக்குக் குதித்தது? அன்றைக்கு எனக்கு ஒரே குழப்பம்.

வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துகொண்டிருந்த காலம். எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைச் சூளையில் வேலை பார்த்த மாமா, கூடைப்பந்து ஆட்டத்தில் அமெரிக்காக்காரர்கள் பறந்து பறந்து பந்தை வளையத்துக்குள் திணிப்பதைப் பார்த்துவிட்டார். மாதா கோயில் திருவிழாவில் அதையே போட்டியாக வைத்தார்கள். தூரத்து மூணு பாயின்ட் கோட்டில் நின்று போடுவதையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் ஒரே பிரைஸு. மாறுவேடப் போட்டிக்கு உள்ள வழக்கம்தான்: யாருக்குக் கைதட்டு ஜாஸ்தியோ, அவருக்கு.

அக்காவுக்கு வெளியூர் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்திருந்தது. அவள் அழுது, பட்டினி கிடந்து, அம்மாவை விட்டுப் பேச வைத்த பிறகு, கடைசியில் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "திருவிழாவுல ஜெயிச்சுக் காட்டு, அனுப்பறேன்."

அக்கா போட்டாள். ஐந்து பந்தும் வளையத்தை உரசக்கூட இல்லை. வலையில் சர்க் சர்க்கென்று இறங்கின, அவ்வளவுதான் சத்தம். பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர் என்னிடம், "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றார்.

அடுத்து மாமா. அந்த வளையத்தை எட்டுகிற ஆள் ஊரிலேயே கிடையாது. அதனால் சூளையிலிருந்து வெள்ளைக் களிமண் பொடி மூட்டைகளைக் கொண்டுவந்து படியாக அடுக்கியிருந்தார்கள். மாமா ஓடிவந்தார், மேல் மூட்டையை மிதித்து எகிறினார். மூட்டை வெடித்தது. பந்து எங்கேயோ போக, ஒற்றைக் கையால் வளையத்தில் தொங்கி, ஆடி, பொத்தென்று பொடிக்குள் விழுந்தார். புகை அடங்கியதும் இரண்டு கண் மட்டும் முழித்தன.

"அப்பிடியே தூக்கிச் சூளையில வைங்கடா, பொம்மையா வெந்து வரட்டும்" என்றது ஒரு குரல். மைதானமே குலுங்கியது.

மைக்கில் அக்கா பேரைச் சொன்னபோது அம்மாவும் அக்காவின் தோழிகளும் தட்டினார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா பேர் வந்ததும் கட்டிய கையை அவிழ்த்தார். மச்சானைக் கண்டாலே முகம் சுளிக்கிறவர், யாருக்கும் கைதட்டியே அறியாதவர், தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டினார். அவர் தட்டத் தட்டச் சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள். அப்பாவை அவ்வளவு குஷியாக நான் பார்த்ததே இல்லை. நானும் எம்பி எம்பித் தட்டினேன்.

பிரைஸ் வாங்க மாமா வெள்ளைவெளேரென்று நடந்துபோனார். எல்லாரும் அவரையே பார்த்துச் சிரிக்க, அக்கா மட்டும் ஏன் அப்பாவையும் என்னையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவளும் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று கையாட்டிக் கூப்பிட்டேன்.