ரத்னா இடித்த ஒன்பது அங்குலம்

ரத்னாவுக்கு நான் பதினோராயிரத்து நானூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். பன்னிரண்டு நாள் சித்தாள் கூலி. நாற்பது வருஷ மேஸ்திரி வேலையில் நான் கூலி பாக்கி வைத்தது அந்த ஒரு தடவைதான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சைதாப்பேட்டையில் கலவை சுமந்து ஆரம்பித்தவன், மயிலாப்பூரில் மூன்று மாடி எழுப்பியிருக்கிறேன். இந்த நெடுஞ்செழியன் கட்டிய சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போன இன்ஜினீயர்கள் உண்டு. இருக்கட்டும், நான் சொல்ல வந்தது ரத்னாவைப் பற்றி.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். பெருவெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, காலை எட்டு மணிக்கெல்லாம் வந்து நிற்பாள். சைதாப்பேட்டையில் வாடகைக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"டெய்லி குட்த்தா செலவாய்டும் மேஸ்திரி. கட்சீல மொத்தமா குடு" என்றாள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. வேலை கொடுத்த தெருக் குடியிருப்போர் சங்கம் தந்த முன்பணம் ஜல்லிக்கும் மணலுக்குமே சரியாக இருந்தது.

வேலை மயிலாப்பூரில் ஒரு குறுக்குத் தெருவில். விடாமல் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும். சங்கத்தின் செயலாளர் ஃப்ளோரா டீச்சர். இருக்கிற கால்வாய் தாங்கவில்லை, தண்ணீரை அங்கங்கே மண்ணுக்குள் இறக்கிவிடலாம் என்பது அவர் திட்டம். சாலையோரத்தில் ஆறு குழிகள். அடியில் ஜல்லி, அதன்மேல் மணலும் மண்ணும், எல்லாவற்றுக்கும் மேல் கல்வாழை. இதற்கு மழைத்தோட்டம் என்று பெயராம். வரைபடத்தை என் கையில் கொடுத்து, "புரியுதா மேஸ்திரி?" என்றார். அதில் பாதி ஆங்கிலம், மீதி அம்புக்குறி. "இதுகூடவா புரியாது?" என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

செடி வைத்தால் அதைச் சுற்றி மேடாக ஒரு கட்டு வேண்டும். இந்த ஊரில் எந்தப் பூங்காவில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆகவே ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒன்பது அங்குல உயரத்துக்குச் சுவர் எழுப்பி, பூசி, மஞ்சளும் கறுப்பும் அடித்தேன். உள்ளே விளிம்பு வரை மண் நிரப்பினேன். அவ்வளவு அழகு.

ஜல்லிக் கூடையை இறக்கிவிட்டு ரத்னா கேட்டாள்: "ரோட்டுத் தண்ணி இதுக்குள்ள எப்டி பூரும் மேஸ்திரி?"

"மழை மேலருந்துதானே பெய்யுது?"

"அத்து செடிக்கு. ரோட்டுக்கு?"

"நீ ஜல்லியைக் கொட்டு."

ஐப்பசியில் முதல் மழை ஒரு மணி நேரம் அடித்தது. தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அதன் நடுவே என் ஆறு சுவர்களும் ஆறு தீவுகளாக நின்றன. ஃப்ளோரா டீச்சர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தண்ணியைக் குழிக்குள்ள விடச் சொன்னேன் மேஸ்திரி. நீங்க அது உள்ள வராம காவல் போட்டிருக்கீங்க! தண்ணி இறங்கட்டும், அப்புறம் பாக்கியைப் பேசலாம்."

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

மறுநாள் நான் போவதற்குள் ரத்னா கடப்பாரையால் முதல் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு வாய் திறந்திருந்தாள்.

"ஏய், யாரைக் கேட்டு இடிச்ச?"

"உன்னிய கேட்டா இடிக்க வுடுவியா? இங்க பாரு." நேற்றைய தண்ணீர் சாலையில் விட்டுப்போன சருகுக் கோட்டைக் காட்டினாள். "தண்ணி இப்டி சாஞ்சிக்கினு போயிகீது. இத்துக்கு எதுத்தாப்புல வாய் வெச்சாத்தான் பூரும். எங்க குட்சைல இது தெரியலன்னா பாயோட மெதந்துக்கினு போவணும், நைனா!"

சருகுக் கோட்டைப் பார்த்து அவள் செங்கல் துண்டால் குறி போட்டாள். என் சுவரை நானே இடித்தேன். குழிக்குள் இருந்த மண்ணைச் சாலை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வரும்வரை இருவரும் வாரினோம். இரண்டு நாள் ஆயிற்று.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. தண்ணீர் ஒவ்வொரு வாயிலும் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. மழை விட்டு முக்கால் மணி நேரத்தில் தெருவில் செருப்பு நனையாமல் நடக்க முடிந்தது. சங்கப் பொருளாளர் சுவாமிநாதன் வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் வந்தார்.

"ஓய் மேஸ்திரி, எங்காத்து வாசல்ல ஜலமே நிக்கலை! பேஷ்!" என்று பாக்கிப் பணம் இருந்த கவரை நீட்டினார்.

"நெடுஞ்செழியன் வேலைன்னா சும்மாவா சார்?" என்றேன்.

பின்னாலிருந்து ரத்னா தொண்டையைச் செருமினாள்.

"குறி போட்டது ரத்னா" என்றேன் உடனே. ஃப்ளோரா டீச்சர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளுக்குக் கைதட்டினார்.

அவர்கள் போனதும் ரத்னா கேட்டாள்: "பன்னண்டு நாளு சரி. இட்ச்ச ரெண்டு நாளு?"

"அந்த ரெண்டு நாள் நீ சித்தாள் இல்ல. கொத்தனார் கூலி, ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூறு."

"மொத்தம் எவ்ளோ?"

"பதினாலாயிரம்."

"எண்ணு."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு விரித்தாள். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். பதினேழில் நான் தடுமாற, "பதினெட்டு" என்று அவள் எடுத்துக் கொடுத்தாள். இருபத்தெட்டாவது நோட்டை வைத்ததும் விரல்கள் மூடிக்கொண்டன.