ஜூன் கடைசியில் கிளப்பிய மேப்பிள்

மொன்ட்ரியாலுக்கு வடக்கே, லாவால் பக்கம் உள்ள ஒரு மரக்கன்று நேர்சரியில் பதினேழு வருடமாக ஞானேந்திரனுக்கு வேலை. ஜப்பான் மேப்பிள் தேடி வருகிறவர்களை முதலாளி அவரிடம்தான் அனுப்புவார். அரைகுறைப் பிரெஞ்சில் அவர் கேட்கும் முதல் கேள்வி, உங்கள் வீட்டு வளவில் காலை வெயில் எங்கே விழும் என்பது. காலையில் நாலைந்து மணி நேரம் வெயில் வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு ஏறாமல் இலை பச்சையாகக் கிடக்கும். மத்தியானத்துக்குப் பிறகு நிழல் வேண்டும். இல்லாவிட்டால் இலையின் ஓரம் கருகும். வடமேற்குக் காற்றுக்கு மறைப்பு வேண்டும். தண்ணீர் தேங்கவே கூடாது. அப்படி இடம் இல்லை என்று சொல்கிறவருக்கு அவர் மரத்தை விற்க மாட்டார். முதலாளிக்கு அதில் எப்போதும் கோபம்.

அவருக்கே அப்படி ஓர் இடம் ஐம்பத்து நாலு வயதில்தான் வாய்த்தது. மொன்ட்ரியால்-நோரில் வாடகைக்கு ஒரு கீழ்வீடு. பார்க்கப் போன அன்று அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி குசினிக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் பின்கதவால் இறங்கிப் போனவர் அரை மணி நேரம் திரும்பி வரவில்லை. கிழக்கு திறந்த ஒரு மூலை, மேற்கே பழைய பலகைக் கொட்டில், வடக்கே அயல்வீட்டுச் செங்கல் சுவர். அந்த இளவேனிலில், கிளை முறிந்ததால் நேர்சரியில் கழித்துவிட்ட ஒரு கருஞ்சிவப்பு மேப்பிளைக் கொண்டுவந்து நட்டார். கனடாவுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் தனக்கென்று அவர் நிலத்தில் வைத்தது அது ஒன்றுதான்.

மூன்று வருடத்தில் மரம் அவர் தோளளவுக்கு வளர்ந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. காலையில் இருவரும் பின்படியில் தேத்தண்ணியோடு இருப்பார்கள். வெயில் இலைக்குள்ளால் வரும்போது ஜெகதீஸ்வரியின் வெள்ளைச் சட்டையில் சிவப்பு விழும்.

நாலாவது வருடம் ஜனவரியில் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. தன் மகள் குடியிருக்க வீடு வேண்டும், ஜூன் முடிவில் விடவேண்டும், சம்மதம் என்று கையெழுத்து வைத்து அனுப்பவேண்டும்.

"கையெழுத்து வைக்காதேங்கோ. மகள் வாறாள் எண்டது உண்மையோ பொய்யோ தெரியாது. வாடகை வழக்குப் பாக்கிற ட்ரிபியூனலுக்குப் போவம்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"அவன்ர வீடு, ஈஸ்வரி. நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?"

கையெழுத்தை வைத்துவிட்டார். எங்கேயும் எதிர்த்துக் கதைத்துப் பழகாத மனிதர். பெப்ரவரியில் நடைபாதைப் பனியை அள்ளும்போது வீட்டுக்காரரைக் கண்டார். மகள் இன்னும் யோசிக்கிறாள் என்று அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னதை ஞானேந்திரன் நம்பிக்கையாகப் பிடித்துக்கொண்டார்.

மேப்பிளை வேரோடு கிளப்புவதானால் ஏப்ரலில் கிளப்ப வேண்டும், மொட்டு விரியமுன். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். அந்த ஏப்ரலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வளவில் நின்றார். நிலம் இளகியிருந்தது. மண்ணில் ஒரு வெட்டு வைத்தால் போகிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு முறையும் மண்வெட்டியைக் கொட்டிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். மே மாதம் இலை விரிந்தது, என்றும் இல்லாத வடிவாக. வீட்டுக்காரரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

ஜூன் முப்பதாம் திகதி, முப்பத்திரண்டு பாகை வெக்கையில், நேர்சரியில் கூட வேலை செய்யும் மட்டக்களப்பு ஜெராட் வான் கொண்டுவந்தான். சாமான் எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு ஞானேந்திரன் மண்வெட்டியை எடுத்தார்.

"அண்ணன், இலையோட இப்ப கிண்டினா செத்துப்போகும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"அப்ப விட்டிட்டு வாங்க. இங்கயே நிண்டு பிழைக்கட்டும்."

ஞானேந்திரன் மண்வெட்டியை மண்ணில் இறக்கினார். வேர் அறுபடும் சத்தம் கேட்டு ஜெகதீஸ்வரி வானுக்குள் போய் இருந்துவிட்டாள். வேர்க்கட்டியில் பாதி மண் அங்கேயே உதிர்ந்தது. மிச்சத்தை நனைந்த சாக்கில் சுற்றித் தூக்கினார்கள்.

புது வீடு நகரின் இன்னொரு பக்கம், கோட்-டெ-நெய்ஜில், நாலாம் மாடி. வடக்குப் பார்த்த பல்கனி. எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர். ஒரு துண்டு வெயில் கிடையாது. அங்கேதான் மரத்தை ஒரு பெரிய சட்டியில் வைத்தார். மூன்றாம் நாளே இலைகள் சுருண்டன. ஜூலை நடுவில் எல்லாம் காய்ந்து, உதிராமல் கொப்பிலேயே தொங்கின.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் ஜெகதீஸ்வரி சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வாங்கோ, ஓடி வாங்கோ! துளிர் விட்டிருக்கு!"

நகத்தளவு இலைகள், வெளிறிய பச்சையில், ஒரு கொப்பின் நுனியில். மரம் கடைசிச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பனிக்கு முன் அந்தத் துளிர் முற்றாது.

"பிழைச்சிட்டுது, என்ன?"

"ஓம்," என்றார்.

அதற்குப் பிறகு அவள் தினமும் அதோடு கதைத்தாள். அவர் பல்கனிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அக்டோபரில் ஜெராட் ஒரு செய்தி கொண்டுவந்தான். பழைய வீட்டில் வீட்டுக்காரரின் மகள் இல்லை; யாரோ மாணவர்கள் இருக்கிறார்கள், கொட்டிலை இடித்துக் கார் விட இடம் போட்டிருக்கிறது. ஜெகதீஸ்வரி புருசனின் முகத்தைப் பார்த்தாள். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

குளிருக்கு முன் சட்டியைப் பழைய போர்வைகளால் சுற்றிக் கட்டினார். சட்டியில் நிற்கும் வேருக்குப் போர்வை எந்த மூலைக்குக் காணும்? ஜனவரியில் ஒரு கிழமை முழுக்க பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டுப் பாகை உறைகுளிர்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை போர்வையை அவிழ்த்தார். நகத்தால் மேல்கொப்பின் பட்டையைச் சுரண்டினார். உள்ளே மண்நிறம். அதற்குக் கீழே, அதற்கும் கீழே, தண்டில், மண்ணுக்கு நாலு விரல் மேலே. உயிருள்ள பச்சை எங்கும் இல்லை. ஜெகதீஸ்வரி கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இது பிழைக்காது எண்டு எப்ப தெரியும் உங்களுக்கு?"

"கிளப்பேக்கையே."

அவள் குனிந்து, விழுந்த பட்டைத் துகளைக் கையால் கூட்டி அள்ளினாள். பிறகு, "வேற ஒண்டு கொண்டு வாங்கோவன், சின்னனா," என்றாள்.

"இஞ்ச வெயில் இல்லை, ஈஸ்வரி."

கையைக் கழுவிக்கொண்டு பஸ்சுக்கு இறங்கினார். அன்று நேர்சரிக்கு இரண்டு லொறி மரக்கன்று வர இருந்தது.