பொட்டலம் ஒளிந்த இடம்

அந்தத் தெருவில் எந்த ஃபிரிட்ஜ் மூச்சை நிறுத்தினாலும் கடைசியில் ஒரே வீட்டின் கொல்லைப்புறத்துக்குத்தான் வந்து சேரும். வீட்டுக்காரரை ஃபிரிட்ஜ்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் காதை வைத்துக் கேட்டால் கம்ப்ரசர் தன் வயதைக்கூடச் சொல்லிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை என்பது முழு உண்மை. வைக்கோல் தடிமன் உள்ள செம்புக் குழாயை நெருப்பில் பற்றவைக்கும்போதுகூட, கை கல்லில் செதுக்கியது போல நிற்கும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. இனிமேல் ஓடாது என்று வரும் பெட்டி எதுவானாலும், இறக்கிய கையோடு கதவைக் கழற்றிவிடுவார். தண்ணீர்கூடக் குடிக்காமல் அதைத்தான் முதலில் செய்வார். தொழில் பழகிய காலத்தில் ஒரு பழைய சாமான் கிடங்கில் எதையோ பார்த்திருந்தார். அதை மனைவியிடம் மட்டும், கல்யாணமான புதிதில், ஒரே ஒரு தடவை சொன்னார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிள்ளைகளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. கதவில்லாத பெட்டிகளுக்கு நடுவே வளர்கிற பிள்ளைகளுக்கு என்ன ஆகிவிடப்போகிறது?

பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்கு ஒன்பது வயது. நாக்கு மட்டும் நாற்பது வயது. சின்னவனுக்கு ஐந்து. காலை மடக்கி, கையைச் சுருட்டி, தலையை நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டால் அவன் ஒரு சாக்குப் பைக்குள் அடங்கிவிடுவான். ஒருமுறை துணி துவைக்கும் வாளிக்குள்ளும், இன்னொருமுறை அம்மாவின் பயணப்பெட்டிக்குள்ளும் அடங்கிக் காட்டியிருந்தான். அதனால் வீட்டில் அவன் பெயர் பொட்டலம்.

ஆண்டு விடுமுறையின் முதல் நாளுக்கென்று அந்த வீட்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, அன்றைக்கு அப்பா வேலையைத் தொடக் கூடாது. காலையிலேயே கருவிப்பெட்டியைப் பூட்டி, சாவியைச் சின்னவனிடம் கொடுத்துவிட வேண்டும். அன்று ஸ்க்ரூடிரைவரைத் தொட்டால் ஆண்டு முழுவதும் ஸ்க்ரூடிரைவரோடுதான் குடித்தனம் என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டாவது, கண்ணாமூச்சி. தேடுவது எப்போதும் அப்பா. கடைசிவரை அகப்படாதவர் கைகாட்டும் இடத்துக்குத்தான் மறுநாள் எல்லோரும் போக வேண்டும்.

இந்த விளையாட்டில் அப்பாவுக்கு ஒரு சலுகை. தேடும்போது என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். அதில்தான் அவருக்குக் குஷியே. "ஐஸ்கிரீம் உருகுதுடோய்!" என்பார். "ஆட்டம் முடிஞ்சுது, வாங்க சாப்பிடலாம்" என்பார். அம்மாவின் குரலில் கூப்பிடுவார். அது அச்சு அசலாக அம்மாவின் குரலாகவே இருக்கும். போன வருஷம் கூடத்தில் தொப்பென்று உட்கார்ந்து, "ஐயோ, நெஞ்சு வலிக்குதே" என்று முனகினார். பீரோவுக்குப் பின்னாலிருந்து பொட்டலம் அழுதுகொண்டே ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். "மாட்டிக்கிட்டியா!" என்று அவனைத் தூக்கிச் சுற்றினார் அப்பா. அவன் சிரிக்கவில்லை. சாயங்காலம்வரை யாரோடும் பேசவும் இல்லை. தூங்கப் போகும்போது மட்டும் சொன்னான்:

"இனிமே நீங்க எது சொன்னாலும் நம்ப மாட்டேன்ப்பா."

"அப்படிப் போடு! அதுதான்டா விளையாட்டு" என்று அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இந்த வருஷம் விடுமுறையின் முதல் நாள் நல்ல வெயிலோடு விடிந்தது. கருவிப்பெட்டி பூட்டப்பட்டது. சாவி பொட்டலத்தின் கால்சட்டைப் பைக்குள் போனது. அவன் அதை ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்போதுதான் வாசலில் லாரி வந்து நின்றது. ஓட்டிவந்தவன் மனைவியின் தம்பி.

"அத்தான், உங்களுக்கு விடுமுறைப் பரிசு!" என்று குதித்து இறங்கினான். பின்னால் கயிற்றால் வரிந்து கட்டிய ஒரு பழங்காலத்து ஃபிரிட்ஜ். ஆள் உயரம், இரும்புக் கதவு, வெளியே மட்டும் நீளமான கைப்பிடி. சாத்தினால் 'டக்' என்று கொக்கி விழும். உள்ளேயிருந்து பத்து யானை முட்டினாலும் திறக்காது.

"இன்னைக்கா கொண்டு வருவே? உனக்கு நாள் கிழமையே கிடையாதா மாப்ளே?"

"வழியில கெடந்துச்சு அத்தான், ஏத்திக்கிட்டு வந்தேன். சும்மா குடுத்தாலும் குத்தம் சொல்ற ஒரே ஆளு நீங்கதான்!"

இருவரும் மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டுபோய்க் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் நிறுத்தினார்கள். மச்சான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். அவனுக்கு வேறு சரக்கு கட்ட அது வேண்டுமாம். சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"என்னங்க, மொதல்ல அந்தக் கதவக் கழட்டுங்க."

"சாவி பொட்டலத்துக்கிட்ட இல்ல இருக்கு. நாளைக்குக் காலைல மொத வேலை அதான்."

"வாங்கிக்கிட்டா என்ன? அவன் என்ன கடிச்சா வெப்பான்?"

"சட்டம்னா சட்டம்தான் தாயே. நானே மீறினா அப்புறம் பசங்க மதிக்குமா?"

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. மூலையில் கிடந்த காலி கேஸ் சிலிண்டரை உருட்டிவந்து கதவை ஒட்டி நிமிர்த்தி வைத்தார். இதை நகர்த்தாமல் யாரும் திறக்க முடியாது என்று மனைவிக்கு இழுத்துக் காட்டவும் செய்தார். அவள் உதட்டைச் சுழித்தாள். இதையெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்டம் தொடங்கியது. அப்பா சுவரில் முகம் புதைத்து எண்ணினார். எண்ணும்போது கொல்லைப்பக்கம் ஏதோ இரும்பு தரையில் உராயும் சத்தம் கேட்டது. அடுப்படியில் மனைவி பாத்திரம் கழுவுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பெரியவள் உடனே அகப்பட்டாள். திரைச்சீலைக்குப் பின்னால், இரண்டு பாதமும் வெளியே தெரிய நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி இது, ஒளிஞ்சிருக்கியா, ஊர்வலம் போறியா?"

"பிடிச்சிட்டீங்கல்ல? போய் அவனத் தேடுங்க" என்றாள். ஐஸ்கிரீம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அகப்பட்டவர் அடுத்தவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் விளையாட்டின் விதி. விதி என்று வந்துவிட்டால் அவள் அப்பாவின் மகள்.

பீரோவுக்குப் பின்னால் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. வாளி, பயணப்பெட்டி, அழுக்குத் துணிக்கூடை எதிலும் இல்லை. "ஐஸ்கிரீமெல்லாம் அக்கா வயித்துக்குள்ள போகுதுடா!" என்று பாடினார். பதில் இல்லை. "ஆட்டம் முடிஞ்சுது பொட்டலம், நீதான் ஜெயிச்சே!" அதற்கும் இல்லை. "அட, பய தேறிட்டானே" என்று பெருமையாகத்தான் இருந்தது. இன்னொரு சுற்று தேடும்வரை இருந்தது.

கொல்லைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தகரக் கொட்டகையின் சூட்டில் அந்தப் பெட்டி நின்றது. சிலிண்டர் வைத்த இடத்திலேயே நிமிர்ந்து நின்றது. அங்கே இல்லை என்று மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டுத் திரும்பினார்.

வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. அப்படியானால் தெருவுக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி மூடியை அவரே இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். இருந்தும் தூக்கிப் பார்த்தார். கறுப்புத் தண்ணீரில் அவர் முகம்தான் தெரிந்தது. அந்த முகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இன்னுமா கெடைக்கல?"

"இங்கதான் எங்கயோ இருப்பான்."

"அந்தப் பெட்டி?"

"பாத்துட்டேன். சிலிண்டர் அசையல."

இரண்டு பேருமாகத் தேடினார்கள். வீடு என்னவோ சின்ன வீடுதான். அன்றைக்கு அதற்கு ஆயிரம் மூலை முளைத்தது. அவர் நடுக்கூடத்தில் நின்று கூப்பிட்டார். இந்த முறை குரலில் பாட்டு இல்லை.

"டேய், போதும்டா. வெளிய வா. அப்பா நெஜமாத்தான் சொல்றேன்."

வீடு கேட்டுக்கொண்டிருந்தது.

"நெஜமாடா! சத்தியமா!"

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு நினைவு வந்தது. போன வருஷமும் 'நெஜமா' சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வருஷம் 'சத்தியமா' சொல்லியிருந்தார். பயத்தில் ஒரு மனுஷன் என்னவெல்லாம் சொல்லுவானோ அத்தனையையும் அவர் தமாஷுக்குச் சொல்லித் தீர்த்திருந்தார். மனைவி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். "கண்ணா, அம்மாடா, வந்துடுடா!" அந்தக் குரலையும் அவர் விட்டுவைக்கவில்லையே.

சோபாவில் பெரியவள் கரண்டியை நக்கியபடி சொன்னாள்: "இந்தத் தடவை நல்லா நடிக்கிறீங்கப்பா. அம்மாகூடச் சூப்பர்."

"நடிப்பில்லடி! அவன் எங்க? உனக்குத் தெரியுமா?"

"நான் சொல்ல மாட்டேன். சொன்னா ஆட்டத்துலேர்ந்து தூக்கிடுவீங்க. போன தடவ அழுதுகூடக் காட்டினீங்க."

அவள் முன்னால் மண்டியிட்டார். மனைவி யாருக்கென்றில்லாமல் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். அவர் வாங்கினார். தண்ணீர் வாய்க்குப் போகவில்லை. டம்ளர் அவர் விரல்களுக்குள் தடதடவென்று ஆடி, பெரியவளின் பாதத்தின் மேல் சிந்தியது.

அவள் பாதத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக் காட்டுவார், குரலை மாற்றுவார், கண்ணீர்கூட வரவழைப்பார். ஆனால் அந்தக் கை ஆடி அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது.

"அப்பா... இது வெளையாட்டுதானே?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"புது ஃபிரிட்ஜுக்குள்ள" என்றாள் மெதுவாக. "உள்ள இருந்த கம்பித் தட்டையெல்லாம் எடுத்துப் பின்னால ஒளிச்சிட்டு அவன் உள்ள போயிட்டான். நான்தான் சாத்தினேன். நீங்க கண்டுபிடிக்கக் கூடாதுன்னு சிலிண்டரத் திரும்ப அங்கேயே..."

மீதியைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

சிலிண்டர் உருண்டு சுவரில் மோதியது. கைப்பிடியை இழுத்தபோது கொக்கி ஒருமுறை வழுக்கியது. அந்த ஒரு கணத்தில் அவர் பழைய சாமான் கிடங்கில் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு மூடிய ஃபிரிட்ஜுக்குள் பார்த்ததை மறுபடியும் பார்த்தார். இரண்டாவது இழுப்பில் கதவு திறந்தது.

பொட்டலம் பொட்டலமாகவே இருந்தான். முழங்கால் மோவாயில், சட்டை முழுக்க வியர்வை, முகம் செக்கச்செவேல். கண்கள் பாதி மூடியிருந்தன. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தான். மூக்கு மட்டும் கதவோரம், கீழ்மூலையில். அந்த மூலையில், காற்றுப் புகாமல் அடைக்கும் கதவு ரப்பர் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டிய கோணல் வெட்டு.

அள்ளி வெளியே எடுத்து முற்றத்து நிழலில் கிடத்தினார்கள். காற்றுப் பட்டதும் இருமினான். கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்ததும் பின்னால் நகரப் பார்த்தான்.

"நான் அவுட் இல்ல. நான் சத்தமே போடல" என்றான். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நாங்க கூப்பிட்டது கேக்கலியாடா?"

"கேட்டுச்சே. அம்மா அழுததுகூடக் கேட்டுச்சு. நீங்கதான் அம்மா மாதிரி அழறீங்கன்னு நெனச்சேன். நான் ஏமாறல... நான்தானே ஜெயிச்சேன்?"

"நீதான்டா ஜெயிச்சே" என்றார். அவன் அவர் முகத்தைப் பார்த்தான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை.

மனைவி காலையிலேயே வெட்டி முடிந்துவைத்திருந்த ரப்பர் துண்டை முந்தானையிலிருந்து எடுத்துத் தரையில் போட்டாள். "நீங்க உங்க கருவிப்பெட்டியத்தான் பூட்டினீங்க" என்றாள் அழுகையோடு. "என் கத்தரிக்கோல யாரும் பூட்டலியே."

அவர் மகனின் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார். அவன் தடுக்கவில்லை. விடுமுறையின் முதல் நாள், நட்ட நடு வெயிலில், அந்தக் கதவைக் கழற்றினார். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. பொட்டலம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, கிடங்கில் பார்த்ததை முதல் தடவையாக அவர்களுக்குச் சொன்னார். பெரியவள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த முகத்தை யாருக்கும் காட்டவில்லை. பொட்டலம் முழுவதையும் கேட்டான். கடைசியில், "இது நெஜமா, சும்மாவா?" என்றான்.

மறுநாள் அவன் கைகாட்டிய இடத்துக்கே போனார்கள். கடற்கரை. யாரும் ரொம்ப தூரம் தண்ணீருக்குள் போகவில்லை.

கண்ணாமூச்சி அத்தோடு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் தொடங்கவும் இல்லை. ஃபிரிட்ஜ்காரர் பொய் பேசுவதை விட்டுவிட்டார். தெருவில் கதை விடுவதைக்கூட விட்டுவிட்டார். எல்லோரும் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். சாயங்காலங்களில் பிள்ளைகள் கொல்லையில் விளையாடும்போது அவர் சமையலறை வாசலில் நின்று, "சாப்பிட வாங்கடா" என்பார். அவ்வளவுதான் சொல்லுவார்.

பெரியவள் வந்துவிடுவாள். சின்னவன் உடனே வருவதில்லை. சுவரோரம் நின்று, தலையை மட்டும் நீட்டி, அப்பாவின் முகத்தைத் தாண்டிக் கீழே, அவர் கைகளைப் பார்ப்பான். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வருவான்.