இரண்டு புட்டிகள், ஒரு பர்மிட்

நண்பர்கள் சேர்ந்து சாப்பிடப் போனால் இந்த ஊரில் கிளாஸ்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் ஒரு ஒயின் வாங்குவார், மற்றவர் வேறொன்று. ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டுவார்கள். எது புளிப்பு, எதில் எந்தப் பழத்தின் வாசனை என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். செக்கோஸ்லோவாகியாவில் இந்த பிர்னோ நகரத்துக்கு நான் வந்து ஆறு வருஷமாகிறது. பாய்லர் தொழிற்சாலையில் பயிற்சிக்கென்று வந்தவன், வரைபடப் பிரிவிலேயே தங்கிவிட்டேன். ஒருவர் வாய் வைத்த கிளாஸ் என் முன்னால் வரும்போது, அண்ணாந்து குடித்தே வளர்ந்த தொண்டை இன்றும் ஒரு கணம் மறுக்கிறது. பிறகு குடித்துவிடுகிறேன். காரணம் சொல்ல, எச்சில் என்பதற்கு இங்கே சரியான சொல் இல்லை. இருப்பது துப்பலைக் குறிக்கும் சொல்தான். முதல் வருஷம் அதைச் சொல்லப்போய், கிளாஸில் யாரோ துப்பிவிட்டதாக நான் குற்றம் சாட்டுகிறேன் என்று நினைத்து மேஜையே எழுந்து நின்றது. அன்று என்னை உட்காரவைத்துச் சமாதானம் செய்தவன் கரெல்.

அந்தக் கரெலைப் பிறகு திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அவன் என் ஊருக்குப் போனான், நான் அவன் ஊரில் இருந்தேன். போன வருஷம் கோடையில் லீவில் ஊருக்குப் போனபோது திருச்சியில் அவனைப் பார்த்தேன். லீவு என்று சொல்கிறேன். அப்பா இறந்த மார்கழியில் போக முடியாமல், ஐந்து மாதம் கழித்துப் போனது அது. அப்பா இருந்த ஸ்ரீரங்கத்து வீட்டில் வேறு குடும்பம் குடியிருந்தது. நான் ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தேன்.

கரெல் தன் ஊரிலிருந்து இரண்டு புட்டி வெள்ளை ஒயின் தருவித்திருந்தான். ஒன்று அவன் மாமாவின் தோட்டத்துத் திராட்சை, மற்றது பக்கத்து ஊரில் அவருக்கு ஆகாதவருடையது. எது மேல் என்று நான் சொல்ல வேண்டுமாம். கண்டோன்மென்ட் பக்கம், மதுவிலக்கிலும் குடிக்க பர்மிட் உள்ளவர்களுக்கென்று பின்னறை வைத்திருந்த ஒரு சின்ன ரெஸ்டாரண்டுக்கு அழைத்தான். நான் ராகவனையும் கூட்டிப் போனேன். ராகவன் என் பள்ளித்தோழன், தூரத்துப் பங்காளி. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். வந்து பத்து நாளாகியும் அதைப் பற்றி அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சர்வர் மூன்று கிளாஸ் வைத்தார். கரெலின் பர்மிட்டைப் பார்த்துவிட்டு இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். அவருக்கு மட்டும்தான் பர்மிட். நீங்க ரெண்டு பேரும் நம்ம ஊர்க்காரங்க, தொடக்கூடாது."

லீவில் வந்த நாளிலிருந்து என்னை ஊர்க்காரன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கரெலுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் வராது. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். சரி, நான் குடிக்கிறேன், நீங்கள் முகர்ந்து பாருங்கள் என்றான். முதல் புட்டியிலிருந்து ஒரு வாய் குடித்தவன் கிளாஸைக் கீழே வைத்தான். கப்பலிலும் திருச்சி வெயிலிலும் கிடந்து அது கெட்டிருந்தது. "இது மாமாவுடையது இல்லை" என்று மட்டும் சொன்னான். இரண்டாவதும் அப்படித்தான். ஆனாலும் விடாமல், நல்லபடியாக இருந்தால் அது எப்படி இருக்கும் என்று விவரித்தான். ஆங்ரெஷ்ட் என்ற காயின் வாசனை வருமாம். அகராதி எனக்குக் கற்றுத் தந்தபடி, நெல்லிக்காய் என்று ராகவனுக்கு மொழிபெயர்த்தேன். அது வேறு காய் என்பது, பிர்னோவில் அதன் செடியைப் பார்த்த இந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

ராகவன் சோடாவை நகர்த்தி வைத்தான். "நெல்லிக்காயா? அப்போ மேல தீர்த்தம் குடிச்சா தித்திக்குமோ?"

கேட்டுச் சொன்னேன். ஒயினுக்கு மேல் தண்ணீர் ஏன் என்று கரெல் குழம்பினான்.

ராகவன் என்னைப் பார்க்காமல் பேசினான். "உங்கப்பாவுக்குக் கடைசில தீர்த்தம் விட்டது நான்தான். உத்தரணில நாலு வாய். ரெண்டு உள்ள போச்சு. கண்ணைத் திறந்து, 'தித்திக்கறதுடா, எப்ப வந்தே'ன்னார்."

"உன்னையா கேட்டார்?"

"இல்ல. உன் பேரைச் சொல்லித்தான் கேட்டார். நானும், 'இப்பத்தான் வந்தேன்ப்பா'ன்னு சொல்லிட்டேன். தப்பாடா?"

இல்லை என்று தலையசைத்தேன். ராகவன் என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் என்ன சொன்னான் என்று கரெல் கேட்டான். தண்ணீரைப் பற்றி என்றேன். "ஆமாம், இங்கே தண்ணீரை நம்பக்கூடாது. நான் காய்ச்சித்தான் குடிக்கிறேன்" என்றான். அவன்மேல் தப்பில்லை. திருத்த எனக்குத் தெம்பில்லை.

வெளியே வந்தபோது தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. ஸ்ரீரங்கம் பஸ் வந்து நின்றது. "லாட்ஜ்ல என்னடா தனியா? ஆத்துக்கு வா, மாடில படுத்துக்கலாம்" என்றான் ராகவன். கரெலோடு திருவெறும்பூர் போகிறேன் என்று சொல்லி அவனை ஏற்றிவிட்டேன். கரெல் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, என் குவார்ட்டர்ஸுக்கு வா, நம் ஊர்ச் சாப்பாடு செய்து போடுகிறேன் என்று செக்கில் கூப்பிட்டான். அடுத்த பஸ்ஸில் ராகவன் வீட்டுக்குப் போகிறேன் என்று அவனிடம் செக்கில் சொன்னேன். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. இருவரும் நிம்மதியாகப் போனார்கள். பஸ் வடக்கே போயிற்று, ஜீப் கிழக்கே போயிற்று. இரண்டின் சத்தமும் அடங்கும் வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.