இலக்கியாவின் ஸ்டேட்டஸ்

வடக்கனந்தல் கோகிலவாணிக்குக் கடவுள் எந்தக் குறையும் வைக்கவில்லை, ஓர் ஓரகத்தியைத் தவிர. காலையில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்க்கிறாளோ இல்லையோ, பக்கத்து வீட்டு இலக்கியா செல்போனில் வைத்திருக்கும் ஸ்டேட்டஸைப் பார்த்துவிடுவாள். பார்த்து வயிறு எரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

இலக்கியாவின் புருஷன் பிரவீன்குமார், கோகிலாவின் கொழுந்தன். மாலத்தீவில் ஒரு சொகுசு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. அவன் அனுப்பும் வீடியோக்களைத்தான் இலக்கியா போடுவாள். நீலக் கடல், தண்ணீர் மேலேயே கட்டிய அறை, மெத்தையில் துண்டை மடித்துச் செய்த அன்னப்பறவை. கோகிலாவின் புருஷன் கவியரசனோ கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லோடு அடிக்கும் டாடா ஏஸ் டிரைவர். அவனோடு வீட்டுக்கு வருவது செம்மண்ணும் டீசல் நாற்றமும்தான்.

"கூடப் பொறந்தவரு கடல்ல இருக்காரு. நீங்க இன்னாடான்னா கெழங்கு மூட்ட மேல குந்திக்கினு இருக்கீங்க" என்று நாள் தவறாமல் குத்தினாள்.

குத்தல் தாங்காமல் கவியரசன் பாஸ்போர்ட் எடுத்தான். கள்ளக்குறிச்சி ஏஜென்ட் அதே தீவுப் பக்கம் ஒப்பந்த வேலை பேசி முடித்தார். திங்கட்கிழமை பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் ஆள் கிளம்பிவிடலாம். அப்புறம் தானும் ஸ்டேட்டஸ் போடலாம் என்று கோகிலா கறுவிக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தின நாள், விடுப்பில் வந்திருந்த பிரவீனையும் ஏற்றிக்கொண்டு எல்லோரும் டாடா ஏஸிலேயே பெரியார் அருவிக்குப் போனார்கள். கடல் காற்றில் ஆள் தேறியிருப்பான் என்று பார்த்தால் கன்னம் ஒட்டிக் கிடந்தான்.

கவியரசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அருவிக்குள் ஓடினான். பிரவீன் மட்டும் பாறையோரம் கைகட்டி நின்றான். யாரோ போட்டுவிட்டுப் போயிருந்த ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்து ஒழுங்காக மடித்து வைத்தான்.

"இன்னா கொழுந்தனாரே, கடல்லியே கெடக்கற ஆளுக்கு நம்மூரு தண்ணி புடிக்கலியா?" என்று சீண்டினாள் கோகிலா.

"கெஸ்ட்டெல்லாம் குளிச்சிக்கினு இருக்காங்க அண்ணி. அவங்க ஏறட்டும்" என்றான் பிரவீன். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கோகிலா விடவில்லை. துருவத் துருவ ஒவ்வொன்றாக வந்தது. விருந்தினர் கண்ணில் படும்படி வேலையாட்கள் கடலில் இறங்கக் கூடாது. போனதிலிருந்து அவன் கால்கூட நனைத்ததில்லை. தீவின் பின்பக்கம், ஜெனரேட்டர் சத்தத்தை ஒட்டி, அடுக்குக் கட்டிலில் படுக்கை. பாஸ்போர்ட்டை வாங்கி விடுதி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிடுவார்கள். காய்ச்சலில் படுத்தால் அன்றைய சம்பளம் போச்சு. ஏன் என்று கேட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

"அப்ப அந்த வீடியோல்லாம்?"

"ஒரு கெஸ்ட் போயி அடுத்த கெஸ்ட் வர்றதுக்குள்ள ரூம கழுவணும் அண்ணி. அந்த நேரத்துல ஜன்னலாண்ட நின்னு எடுக்கறது."

கோகிலாவுக்கு வந்தது இரக்கமில்லை, கோபம். இத்தனை நாள் எரிந்த வயிறு வீணாகிப் போனதே என்ற கோபம். இலக்கியா பக்கம் திரும்பினாள்.

"இதெல்லாம் தெரிஞ்சிக்கினேதான் ஊருக்கே படம் காட்டினியாடி?"

"ஊருக்கு இல்லக்கா. ஒனக்கு மட்டுந்தான் தெரியற மாதிரி வச்சிப் போட்டேன்."

"நான் ஒன்ன இன்னாடி பண்ணேன்?"

இலக்கியா அருவியைப் பார்த்தபடியே சொன்னாள். "சாயங்காலம் ஒங்க வாசல்ல வண்டி வந்து நிக்கும். 'கோகிலா, தண்ணி கொண்டா'ன்னு மாமா கத்துவாரு. எங்க வூடு வரிக்கும் கேக்கும். நான் கதவ சாத்திக்குவேன். ஒனக்கும் எரியட்டுமின்னுதான் போட்டேன்."

தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று கோகிலா நினைத்ததே இல்லை. மறுநாள் ஏஜென்ட் போன் செய்தபோது, "அவரு வரலீங்க" என்று அவளே சொல்லி வைத்துவிட்டாள்.

விடுப்பு முடிந்து பிரவீன் கிளம்பிப் போனான். அன்று சாயங்காலம் டாடா ஏஸ் வாசலில் வந்து நின்றது.

"கோகிலா, தண்ணி கொண்டா!"

சொம்போடு ஓடி வந்தவள் அவன் வாயைப் பொத்தினாள். "மெதுவா கூப்புடுங்க. நான் இங்கதான இருக்கேன்."

அதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.